மூன்று வரைபடக்காரர்களுக்கு நடுவே ஒருவர்

நகராட்சி சுகாதாரத் துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், தண்ணீர் வராத கைகழுவும் தொட்டிக்கும் பழைய கோப்புகள் திணித்த இரும்பு அலமாரிக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது. அந்த மேஜைக்காரரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் வரைபடத்தில் ஒரு புள்ளியை எங்கே வைப்பது என்பதில் கொண்டுபோய் நிறுத்துவார். அதனால் வந்த பெயர். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்கிற ஆளே இல்லை அவர். அவருடைய வாழ்க்கையின் கோளாறே அதுதான்.

"வாங்க பெரும்புள்ளி! இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரியத் தூக்கி எங்க வெச்சீங்க?" என்று தபால் பிரிவுக்காரர் காலையில் படியேறும்போதே ஆரம்பிப்பார்.

"எதையும் தூக்கலண்ணே. இருந்த இடத்துலயேதான் இருக்கு."

"இருந்த இடத்துலயே இருக்கறதுக்கா உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், ஒரு ஜன்னல்? எனக்கு ஜன்னல்கூட இல்லையே சாமி!"

நகரத்தில் சிறிதும் பெரிதுமாக இருநூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகள், தடுப்பூசி நிலையங்கள். எது எங்கே இருக்கிறது, எப்போது திறக்கும், அங்கே என்ன வைத்தியம் கிடைக்கும் என்பதைத் துறையின் இணையதளத்தில் போட்டு வைப்பது புள்ளியின் வேலை. அந்த இணையதளம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மென்பொருளில் ஓடியது. சொந்தமில்லை என்றால் எல்லாருக்கும் சொந்தம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கே கொடுக்கலாம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் அதற்குச் சின்னச் சின்னக் கருவிகள் எழுதித் தந்துகொண்டிருந்தார்கள். செய்தி போட ஒன்று, புகைப்படம் போட ஒன்று, விண்ணப்பம் வாங்க ஒன்று.

வரைபடம் போட மட்டும் மூன்று.

அதுதான் வம்பு. இடத்தின் எண்களைச் சேமித்து வைக்க ஒரு கருவி. சேமித்ததை வரைபடமாக வரைந்து காட்ட இன்னொன்று. முகவரியைக் கொடுத்தால் இடத்தைத் தேடித் தர மூன்றாவது. மூன்றையும் எழுதியவர்கள் மூன்று தேசத்துக்காரர்கள். ஒருவருடைய கருவி மற்றவருடையதோடு பேசாது. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது படுத்துக்கொள்ளும். ஏழு வருடங்களுக்கு முன்னால், அப்படிப் படுத்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமையில், தலையைப் பிய்த்துக்கொண்டு புள்ளி இணையத்தில் அவர்களுடைய பொது மன்றத்தில் ஒரு கேள்வி எழுதினார்: மூன்று பேரும் உட்கார்ந்து பேசி இதை ஒன்றாக்கினால் என்ன?

பதில் பத்தே நிமிடத்தில் வந்தது. நல்ல யோசனை, நீங்களே ஒருங்கிணைக்கலாமே.

இப்படித்தான் அவர் ஒருங்கிணைப்பாளர் ஆனார். நியமன உத்தரவு இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் மன்றத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்த அன்று அவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர். எங்கெங்கோ பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் அவருடைய கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா? அன்றைக்கே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அப்பா லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மூட்டையத் தூக்குறது அவனுங்க. பக்கத்துல நின்னு 'பார்த்து, பார்த்து'ன்னு சொல்றது நீயி. அப்படித்தானே?"

"அப்படி இல்லப்பா..."

"எப்படியோ போ. முதுகு வலிக்காத வேலையா இருந்தா சரி."

மூன்று பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரைந்து காட்டும் கருவியை எழுதியவர் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லித் தருகிறவர். எல்லாருக்கும் அவர் ப்ரொஃபசர். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பூமி உருண்டையான நாளிலிருந்து ஆரம்பிப்பார். சேமித்து வைக்கும் கருவியை எழுதியவர் மௌனி. ஏழு வருடக் கூட்டங்களிலும் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், கேட்டதற்கு ஒற்றை வரியில் எழுத்தால் பதில் போடுவார். அவர் எழுதிய நிரலில் ஒரு பிழை கண்டுபிடித்தவனும் கிடையாது. மூன்றாமவர் சரக்குக் கப்பலில் பொறியாளர். கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் ஆளே இருக்க மாட்டார். போகும்போது, நீங்க மூணு பேரும் சொன்னா எனக்கும் சம்மதம் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். அவரால் ஒரு தொல்லையும் இல்லை.

இவர்களை ஒரே நுகத்தில் பூட்டி ஓட்டுவதுதான் புள்ளியின் பாடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூட்டம். வீட்டின் பின்பக்க அறையில், இஸ்திரி போடாத துணி குவிந்த கட்டிலின் ஓரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருவார். ப்ரொஃபசர் சொன்னதை மௌனிக்குப் பதமாகச் சொல்வார். மௌனி ஒற்றை வரியில் அறைந்ததை ப்ரொஃபசருக்குப் பூசி மெழுகிச் சொல்வார். பிறகு கூட்டக் குறிப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்புவார்.

"கல்யாணத் தரகர்கூட இவ்வளவு பொய் சொல்ல மாட்டாங்க," என்று மனைவி துணி மடித்துக்கொண்டே சிரிப்பாள். பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தாள் அவள். "அவரு 'உன் கருவி குப்பை'ன்னாரு. நீங்க என்னடான்னா, 'மேம்படுத்த வாய்ப்பிருக்குன்னு ப்ரொஃபசர் நினைக்கிறார்'ங்கறீங்க."

"அப்படியே சொன்னா நாளைக்கு ரெண்டு பேரும் இருக்க மாட்டாங்கம்மா."

அதில் உண்மை இருந்தது. அவர் பொறுப்பேற்ற முதல் வருடத்தில் ஒரு சண்டை நடந்தது. பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் சொல்லிவிடலாம். வடக்கு தெற்கைச் சொல்லும் அட்சரேகை ஒன்று, கிழக்கு மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகை ஒன்று. எதை முதலில் எழுதுவது? வரைபடம் வரைகிறவர்களில் பெரும்பாலோர் அட்சரேகையை முதலில் எழுதுவார்கள். சேமித்து வைக்கும் பக்கத்துக்காரர்கள் தீர்க்கரேகையை முதலில் எழுதுவார்கள். வெளியாளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இவர்களுக்கோ குலச்சண்டை. மன்றத்தில் நானூறு பதில்கள் ஓடின. கடைசியில் அருமையாக எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண், உங்கள் சகவாசமே வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போயே போய்விட்டாள்.

அன்றைக்குப் புள்ளி ஒரு முடிவு எடுத்தார். சண்டை வருகிற விஷயத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை. யாராவது கிளப்பினால் அவரிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்." கூட்டக் குறிப்பில் சேர்க்காமல், அதைத் தன்னிடம் ஒரு தனிப் பட்டியலில் எழுதிவைப்பார். பட்டியல் வளர்ந்தது. கூட்டங்கள் அமைதியாக நடந்தன. அமைதியை அவர் முன்னேற்றம் என்று நம்பினார்.

ஏழாவது வருடத் தொடக்கத்தில் செய்தி வந்தது. மூல மென்பொருளின் புதிய பதிப்பு ஜூன் முதல் தேதி வெளிவருகிறது. பழைய வரைபடக் கருவிகள் மூன்றும் அதில் ஓடாது. மூன்றும் சேர்ந்த பொதுக் கருவி மே இருபதுக்குள், மூவர் ஒப்புதலோடு, பெரிய பிழை எதுவும் நிலுவையில் இல்லாமல் அதன் கருவிப் பட்டியலில் ஏறியிருந்தால்தான் உண்டு. ஏறாவிட்டால் ஆயிரக்கணக்கான தளங்களில் வரைபடம் இருந்த இடம் வெற்றுச் சாம்பல் கட்டமாகிவிடும்.

அவருடைய மேலதிகாரியை எல்லாரும் மேடம் என்பார்கள். நியாயமானவர். கூப்பிட்டு உட்காரவைத்து நிதானமாகவே சொன்னார்.

"ஏழு வருஷமா நீங்க ஆபீஸ் நேரத்துலயும் இந்த வேலையச் செய்யறீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

"இல்லீங்க மேடம்."

"இப்பக் கேக்கறேன். மே இருபதுக்குள்ள வந்துருமா?"

"வந்துரும் மேடம்."

"வந்தா நல்லது. வரலைன்னா ஒரு கம்பெனி காத்துக்கிட்டு இருக்கு, கையெழுத்துப் போட்டுருவேன். அவங்களே எல்லாத்தையும் பார்த்துக்குவாங்க. அதுக்கப்புறம் மேல உங்களுக்கு வேலை இருக்காது. கீழே பிறப்பு இறப்புப் பதிவுல ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவ்வளவுதான். அவருடைய ஏழு வருடம், அந்த மேஜை, அந்தப் பெயர் எல்லாம் மே இருபது என்ற ஒரு தேதியில் தொங்கின.

புள்ளி பேயாய் உழைத்தார். ப்ரொஃபசரின் நீளமான கடிதங்களுக்கு மரியாதையாகப் பதில் எழுதினார். மௌனியின் ஒற்றை வரிகளுக்குப் பின்னால் என்ன மனத்தாங்கல் இருக்கிறது என்று யோசித்து யோசித்து மருந்து போட்டார். மார்ச் கடைசியில் மூன்று கருவிகளும் ஒட்டிக்கொண்டன. தனித்தனியே அவரவர் பகுதியை அவரவர் சோதித்தாயிற்று. சேர்த்து வைத்துச் சோதிக்க ஒரு நிஜமான தளம் வேண்டும். புள்ளியின் சுகாதாரத் துறைத் தளத்தைத் தவிர வேறு எது?

ஏப்ரல் ஐந்தாம் தேதி பொதுக் கருவியைத் தளத்தில் ஏற்றினார். பிரசவ அறை வாசலில் நிற்பவரைப்போலத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரைபடம் விரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள், ஊருக்குள்ளேயே, அழகாக. ரயில் நிலையத்துக்கு எதிரே பெரிய மருத்துவமனை சரி. சந்தைப் பக்கம் லெவல் கிராசிங் ஓரத்து மருந்தகம் சரி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தடுப்பூசி நிலையம் சரி. ஒன்பது இடங்களை அவர் சரிபார்த்தார். ஒன்பதும் கச்சிதம். மன்றத்தில் எழுதினார்: எல்லாம் சரி.

நீங்க சரின்னா சரி என்று ப்ரொஃபசர் எழுதினார். மௌனி ஒரு கட்டைவிரல் படம் போட்டார். மௌனியிடமிருந்து கட்டைவிரல் வந்தது அதுவே முதல் தடவை.

மே பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மகளுக்கு மூன்று நாளாகக் காதுவலி. மனைவி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, தளத்தைப் பார்த்து, காது மூக்கு தொண்டைக்கு என்று இருந்த புறநகர் மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனாள். பதினொன்றே காலுக்குப் புள்ளியின் தொலைபேசி அடித்தது.

"என்னங்க, உங்க ஆஸ்பத்திரியில லாரி கழுவிட்டு இருக்காங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"நீங்க புள்ளி வெச்ச ஆஸ்பத்திரிதான். போன்ல காட்டுற இடத்துலதான் நிக்கிறேன். நீலக் கலர் பம்பு, நாலு லாரி, ஒரே சேறு."

"நல்லாப் பாரும்மா, பக்கத்துல இருக்கும்."

"பக்கத்துல எருமை மாடு இருக்கு. காது பார்க்குமான்னு கேக்கட்டுமா? புள்ள வலியில துடிக்கிறா, நீங்க நல்லாப் பாருங்கறீங்க!"

கழுவுகிற ஆள் ஒருவர்தான் அவளுக்கு வழி சொன்னார். அந்த ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமாம். இப்படித் தினமும் ரெண்டு பேராவது வந்து கேட்டுவிட்டுப் போகிறார்களாம். அவள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை ஆகிவிட்டது. சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

புள்ளி திரையில் அந்த மருத்துவமனையைத் தேடினார். இடம் தப்பு. அடுத்ததைப் பார்த்தார். அதுவும் தப்பு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். வரைபடத்தை அச்செடுத்தார். அந்த ஊரின் நடுவே ரயில்பாதை சரியாக வடகிழக்கு நோக்கிக் குறுக்குச்சாய்வாக ஓடுகிறது. கோப்பிலிருந்த முகவரிகளைப் பார்த்து உண்மையான இடங்களை நீலப் பேனாவால் குறித்தார். பிறகு, ஏன் என்று யோசிக்காமலே, தாளை ரயில்பாதை வழியே இரண்டாக மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் ஒரு நீலப் புள்ளிமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. மௌனியின் பகுதி தீர்க்கரேகையை முதலில் கொடுத்தது. ப்ரொஃபசரின் பகுதி முதலில் வந்ததை அட்சரேகை என்று எடுத்துக்கொண்டது. வேறு எந்த ஊராக இருந்தாலும் புள்ளிகள் நடுக்கடலில் போய் விழுந்து, ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். இந்த ஊரின் இடங்களை மட்டும் ஊர் நடுவிலிருந்து வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று அளந்த சின்ன எண்களாகத்தான் துறை ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்தது. அதனால் ஊர் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி, ஊருக்குள்ளேயே விழுந்திருந்தது. ரயில்பாதையை ஒட்டிய பழைய மருத்துவமனைகள் மட்டும் நகரவில்லை. அவர் சரிபார்த்த ஒன்பதும் பாதையை ஒட்டியவை. அவருக்குத் தெரிந்த ஊர் அவ்வளவுதான்.

முதல் வேலையாக வரைபடத்தைத் தளத்திலிருந்து எடுத்தார். அடுத்து, கீழே தொலைபேசிப் பிரிவுக்கு ஓடினார். அங்கே இருந்த அம்மா புகார்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஐந்து வாரத்தில் இருபத்து மூன்று பேர். எல்லாருக்கும் நேரே, 'வழி தெரியாமல் அலைச்சல்' என்று எழுதியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"வழி தெரியாத ஜனங்கன்னு நினைச்சேன் சார். உங்க படம் தப்பா இருக்கும்னு யாரு நினைப்பாங்க?"

அந்த அம்மாவின் நம்பிக்கைதான் அவரை அதிகமாகக் குத்தியது. பதினான்காவது பெயருக்கு எதிரே 'நாய்க்கடி ஊசி' என்றிருந்தது. நாள், ஏப்ரல் இருபத்தொன்பது. அந்த எண்ணுக்கு அடித்தார். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். ஆறாவது தடவை ஒரு ஆள் எடுத்தார்.

"ஐயா, நாய்க்கடி ஊசிக்கு வந்தீங்களே, போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டாச்சு போட்டாச்சு. அங்க இங்க சுத்திட்டு மறுநாள் வேற இடத்துல போட்டேன். ஒரு நாள் வேலை போச்சு. யாரு பேசறது?"

யார் என்று சொல்வது? "அந்த இடத்தைத் தப்பாக் காட்டுனவன்ங்க," என்றார்.

"இதைச் சொல்லவா போன் பண்ணே? போய்யா," என்று அந்த ஆள் வைத்துவிட்டார்.

சாயங்காலம் தேநீர்க் கடையில் தபால் பிரிவுக்காரர் நடந்ததையெல்லாம் கேட்டார். அன்றைக்கு அவர் கிண்டல் செய்யவில்லை.

"நம்ம படத்தைத்தான் எடுத்தாச்சே. யாருக்கும் இனி அலைச்சல் இல்ல. ஒம்போது நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. பட்டியல்ல ஏறட்டும். அப்புறம், 'அடடா, ஒரு சின்னத் தப்பு'ன்னு சொல்லித் திருத்துங்க. யாரு தலையா போயிரும்?"

"ஏறுன அன்னைக்கே ஆயிரம் தளத்துல எறங்கும்ணே. ஆயிரம் ஊர்லயும் இப்படித்தான்."

"அந்த ஆயிரம் ஊரா உங்களுக்குச் சோறு போடுது?"

தேநீர் ஆறிப்போய் ஆடை படர்ந்தது. புள்ளி வீட்டுக்குப் போகாமல் திரும்பவும் மூன்றாவது மாடிக்கு ஏறினார். மன்றத்தில், பெரிய பிழை என்ற தலைப்பில், தன் கையாலேயே பதிவு செய்தார். அழுத்தும்போது அவருக்குத் தெரியும், பொதுக் கருவியின் கழுத்தில் தானே கயிறு மாட்டுகிறோம் என்று. ஆனாலும் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. திருத்தம் ஒரே ஒரு வரி. யாராவது ஒருவர் தன் பக்கத்தில் எண்களை மாற்றிப் போட்டால் முடிந்தது. ஒன்பது நாள் ஏராளம்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, காலை ஏழு மணிக் கூட்டம். கட்டிலின் ஓரம். மகள் காதில் பஞ்சோடு பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ப்ரொஃபசரின் முகம் திரையில் வந்தது. மௌனியின் கட்டம் வழக்கம்போலக் கறுப்பு.

புள்ளி இரண்டு இரவு யோசித்த பேச்சை ஆரம்பித்தார். "ஒரே ஒரு வரிதான். யாரு மாத்துறதுங்கறது பெரிய விஷயமில்ல. ரெண்டு பேரு பக்கமும் நியாயம் இருக்கு..."

"இருங்க, இருங்க," என்றார் ப்ரொஃபசர். "வரியப் பத்தி நான் கேக்கல. மாத்தணும்னா நானே மாத்திடறேன், இப்பவே. எனக்கு வேற ஒண்ணு சொல்லுங்க. ஏழு வருஷமா இதை ஏன் நீங்க கூட்டத்துக்கே கொண்டுவரல?"

இப்படி ஒரு கேள்வியைப் புள்ளி எதிர்பார்க்கவில்லை. "கொண்டுவந்தா சண்டை வரும்னு..."

"வந்திருக்கும். சண்டை போட்டிருப்போம். போட்டு முடிச்சிருப்போம்."

அப்போது ஒரு குரல் கேட்டது. மெல்லிய, கரகரத்த, கொஞ்சம் திக்குகிற குரல். யாருடையது என்று புரியவே இரண்டு பேருக்கும் ஒரு நொடி பிடித்தது.

"நா... நான் கேட்டேன். எது முதல்லன்னு. பதினோரு தடவ உங்களுக்குத் தனியா எழுதியிருக்கேன். பதினோரு தடவையும் நீங்க அடுத்த கூட்டத்துலன்னு சொன்னீங்க."

பேசியது மௌனி. அவர் திக்குகிறவர் என்பதுகூடப் புள்ளிக்குத் தெரியாது. ஏழு வருடமாக அவருடைய மனத்தாங்கலுக்கெல்லாம் மருந்து போட்டவர்.

"எனக்கு அவரு கேட்டதே தெரியாதே!" என்றார் ப்ரொஃபசர். "கூட்டக் குறிப்புல வரலையே!"

"அது... தள்ளிவெச்ச விஷயங்கள்னு ஒரு தனிப் பட்டியல் இருக்குங்க."

"தனிப் பட்டியலா? அதுல வேற என்ன இருக்கு?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பூசி மெழுகத் தெரியாதவரா அவர்? ஆனால் இருபத்து மூன்று பெயர்களைப் பார்த்த பிறகு அவருக்கு அந்தக் கை வரவில்லை. பட்டியலைத் திரையில் திறந்து காட்டினார். பதினான்கு விஷயங்கள். முகவரி கிடைக்காவிட்டால் வரைபடத்தில் என்ன காட்டுவது? ஒரே இடத்துக்கு இரண்டு எண் வந்தால் எதை நம்புவது? இடத்தை அழித்தால் பழைய பக்கங்கள் என்ன ஆகும்? ஒவ்வொன்றுக்கும் நேரே தேதிகள், மூன்று வருடம், நான்கு வருடம், ஆறு வருடம்.

ப்ரொஃபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீளமாகப் பேசுகிற மனிதர் அன்றைக்குச் சுருக்கமாகப் பேசினார்.

"ஐயா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நல்ல மனுஷன் நீங்க. ஆனா இதுல கையெழுத்துப் போட்டா, இந்தப் பதினாலும் ஒண்ணொண்ணா எவன் தலையிலயாவது விடியும். நான் போட மாட்டேன்."

"அந்த ஒரு வரிய ஒத்துக்கறேன்," என்றது அந்தக் கரகரத்த குரல். "மத்த பதிமூணுக்கு?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்குங்க. தினம் மூணா எடுத்துப் பேசி..."

"அஞ்சு நாள்ல பேசற விஷயமா இது?" என்றார் ப்ரொஃபசர். "ஏழு வருஷம் இருந்துச்சே."

திரை அணைந்தபின்னும் புள்ளி கட்டில் ஓரத்திலேயே இருந்தார். மனைவி வந்து பார்த்தாள். திட்டத்தான் வந்தாள், காதுவலிக் கோபம் இன்னும் ஆறவில்லை. முகத்தைப் பார்த்ததும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நல்ல மனுஷன்னு சொன்னாங்க," என்றார்.

மே இருபது வந்தது, போனது. மேடம் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, தலையை மட்டும் அசைத்தார். கம்பெனிக்காரர்கள் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பத்தே நாளில் புது வரைபடம் தளத்தில் ஏறியது. புள்ளி இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களையும் ஒன்றுவிடாமல் சரிபார்த்தார், இந்தத் தடவை பேருந்தில் ஏறி நேரிலேயே போய். எங்கேயாவது ஒன்று தப்பாக இருக்காதா என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்ததை அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தன. குறை சொல்ல ஒரு முடிகூடக் கிடைக்கவில்லை.

ஜூன் இரண்டாவது வாரம் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். பிறப்பு இறப்புப் பதிவில் மூன்றாவது சாளரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்போதும் பதினைந்து பேர். அங்கே யாருக்கும் அவருடைய பட்டப்பெயர் தெரியாது. சார் என்றார்கள். தபால் பிரிவுக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார், "என்ன பெரும்புள்ளி" என்று ஆரம்பிப்பார், பாதியில் நிறுத்திக்கொள்வார். அந்த நிறுத்தம் கிண்டலைவிட மோசமாக இருந்தது.

மன்றத்தை மட்டும் அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மதிய இடைவேளையில் கைப்பேசியில் திறப்பார். ஜூன் கடைசியில் அங்கே சண்டை மூண்டது. ப்ரொஃபசரும் மௌனியும் நேருக்கு நேர். அட்சரேகையா தீர்க்கரேகையா என்பதில் தொடங்கிப் பதினான்கும் சந்திக்கு வந்தன. குப்பை என்றார் ஒருவர். உங்களுக்கு அடிப்படையே தெரியாது என்றார் மற்றவர். கப்பல்காரர்கூடக் கரையேறி வந்து நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அறுநூறு பதில்கள். புள்ளி ஒன்றுவிடாமல் படித்தார். ஒவ்வொரு சூடான வார்த்தைக்கும் அவருக்குக் கை துறுதுறுத்தது, இதை இப்படிப் பதமாகச் சொல்லலாமே என்று. எழுதவில்லை. இப்போது யாராவது ஒருவர் போய்விடுவார் பார் என்று காத்திருந்தார்.

யாரும் போகவில்லை. ஐந்தாவது வாரம், தீர்க்கரேகை முதலில், சரி, ஒழியட்டும் என்று ப்ரொஃபசர் எழுதினார். மௌனி கட்டைவிரல் போட்டார். பதினான்கில் பதின்மூன்று தீர்ந்தன. ஆகஸ்டில் அவர்கள் மூவரும் புதிய பொதுக் கருவி ஒன்றை வெளியிட்டார்கள். புதிய பதிப்பில் ஓடியது. ஆயிரம் தளங்களில் சாம்பல் கட்டம் மறைந்து தெருக்கள் தெரிந்தன. எல்லாம் ஒருங்கிணைப்பாளர் இல்லாமல் நடந்தது.

அந்த வாரமே ப்ரொஃபசரிடமிருந்து ஒரு தனிக் கடிதம் வந்தது. நலம் விசாரித்திருந்தார், மகளின் காதுவலியைப் பற்றிக்கூடக் கேட்டிருந்தார். கடைசிப் பத்தியில், உங்கள் பெயரில் இருக்கும் பழைய பொதுக் கருவியை மூடிவிட முடியுமா, இரண்டு இருந்தால் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான வேண்டுகோள். அதில் ஒரு கடுஞ்சொல் இருந்திருந்தால் புள்ளிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மதிய இடைவேளையில் சாளரத்துக்குத் திரை போட்டுவிட்டு, அலுவலகக் கணினியிலேயே பழைய கருவியின் பக்கத்தைத் திறந்தார். நிலை என்ற இடத்தில் இரண்டு தேர்வுகள். புதிய பொறுப்பாளர் தேவை என்று ஒன்று. கைவிடப்பட்டது என்று ஒன்று. இரண்டாவதைத் தேர்ந்தார். காரணம் என்று ஒரு கட்டம் திறந்தது. எல்லாரையும் ஒன்றாக வைத்திருக்க நினைத்தேன் என்று எழுதினார். படித்துப் பார்த்தார். அழித்தார். அவர்களைப் பேச விடவில்லை என்று எழுதினார். அதையும் அழித்தார். கட்டத்தைக் காலியாகவே விட்டு, சேமி என்பதை அழுத்தினார். உறுதியாகவா என்றுகூட அது கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டது.

கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். "சார், இடைவேளை முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

புள்ளி திரையை விலக்கினார். ஒரு ஆள் இறப்புப் படிவத்தை உள்ளே தள்ளினார். முகவரிக் கட்டத்தில் தெருவின் பெயர் இல்லை, வீட்டு எண் மட்டும் இருந்தது. வேறு நாளாக இருந்தால், பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கலாம் என்று முத்திரை குத்தியிருப்பார்.

"தெரு பேரு எழுதலையே."

"எழுதணுமா சார்? செத்துட்டாரே."

"எழுதுங்க," என்றார் புள்ளி. "எழுதுனாத்தான் வாங்குவேன்."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே, வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே, பேனாவைத் தேடினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். புள்ளி கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.